கம்பத்து வெயிலுக்கும் குமுளி மழைக்கும் ஒரே பேபி கேரியர்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தேனி மாவட்டத்துக் கம்பம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோயர் கேம்ப்பைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் கேரள எல்லையில் வருகிற குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரையில் கீழே வியர்த்து வழிகிற நாளின் மாலையிலேயே மேலே சால்வையைத் தேட வேண்டியிருப்பதும், ஆடியில் பள்ளத்தாக்கில் வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மழை விடாமல் கொட்டுவதும் இப்பகுதிக் குடும்பங்களுக்குப் பழகிப்போனவை. பிறந்த வீடு கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ இருக்க, பிழைப்பு கட்டப்பனையிலோ வண்டன்மேட்டிலோ அமைந்துவிட்ட இளம் தாய்மார்கள் கைக்குழந்தையுடன் இந்த இரண்டு வானிலைகளுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கிறார்கள். குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் துணிக் கேரியர் ஒன்று வாங்கலாம் என்று அவர்கள் நினைக்கும்போது, இணையத்தில் விற்கப்படுகிற ஒவ்வொன்றும் பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை, முன்னால், பின்னால், இடுப்பில் என எல்லா நிலைகளிலும், எல்லாப் பருவங்களிலும் பயன்படும் என்றே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட நிலைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கேரியரின் பல்பயனை அளக்க முடியாது. 3 கிலோ குழந்தைக்கும் 11 கிலோ குழந்தைக்கும் அது பொருந்துகிறதா, சுடிதார் அணிந்த தாய்க்கும் சேலை கட்டிய பாட்டிக்கும் பேன்ட் போட்ட தகப்பனுக்கும் பொருந்துகிறதா, வெயிலில் தாங்குகிறதா, மழைநாளில் காய்கிறதா என்பவையே உண்மையான கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் பெறும் கேரியர் எதுவும் கிடையாது. எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து வாங்குவதற்கு, இந்த வகைகள் எங்கிருந்து வந்தன, எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

குழந்தையைத் துணியால் உடலோடு கட்டிச் சுமப்பது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, கிழக்காசியா ஆகிய பகுதிகளில் மிகப் பழைய வழக்கம். நம் பக்கத்தில் குழந்தையைத் தூங்க வைக்கச் சேலையில் தூளி கட்டினோம். விழித்திருக்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக் கையால் அணைத்துக்கொண்டோம். கடையில் விற்கும் பொருளாக இது மாறியது பெரும்பாலும் 1960களுக்குப் பிறகுதான். அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ தொண்டமைப்பின் சார்பில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் இருந்த ஆன் மூர், அங்குள்ள தாய்மார்கள் குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதைப் பார்த்து, ஊர் திரும்பியபின் தன் தாயின் தையல் உதவியோடு உருவாக்கிய ‘ஸ்னக்லி’ என்ற பைக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். இரட்டைக் குழந்தைகளின் தாயான எரிகா ஹாஃப்மன், லத்தீன் அமெரிக்கச் சால்வையில் குழந்தைகளைக் கட்டிச் சுமந்த அனுபவத்திலிருந்து 1972இல் ஜெர்மனியில் ‘டிடிமோஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, நீளமான நெசவுத் துணிகளை விற்கத் தொடங்கினார். இரண்டு வளையங்களில் துணியைக் கோத்து ஒரு தோளில் மாட்டிக்கொள்ளும் ரிங் ஸ்லிங், 1980களின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவில் உருவானது. சதுரத் துணியின் நான்கு மூலைகளிலும் பட்டிகள் கொண்ட மே டை சீனாவின் பழைய வடிவம். அதன் பட்டிகளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் பக்கிள்களும் பஞ்சு வைத்த இடுப்புப் பட்டையும் வந்தபோது, இன்று பெரும்பாலானோர் ‘பேபி கேரியர்’ என்றவுடன் மனதில் நினைக்கும் பக்கிள் கேரியர் பிறந்தது.

எந்த வகையாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் மூச்சுவழி. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் தோள்துணிகளோடு தொடர்புடையவையாகக் குறைந்தது 14 இறப்புகள் பதிவாகியிருந்தன என்றும், அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள் என்றும் அது தெரிவித்தது. இவை நிகழும் விதம் இரண்டு. துணியோ உடலோ மூக்கையும் வாயையும் அடைத்துவிடுவது ஒன்று. குழந்தை பைக்குள் சுருண்டு, தாடை நெஞ்சில் அழுந்தி, இன்னும் உறுதிப்படாத மூச்சுக்குழல் மடங்கிப்போவது இன்னொன்று. இரண்டாவது வகையில் குழந்தை அழாது, திமிறாது. தூங்குவது போலவே இருக்கும். அதனால்தான் குழந்தையைக் குறுக்காகக் கிடத்தும் ஆழமான பை வடிவக் கேரியர்களை, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இணையக் கடைகளில் இவை இன்னும் தென்படுகின்றன. பார்ப்பதற்குத் தூளி போல இருப்பதால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இவற்றின் மீது இயல்பாகவே நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

பிரிட்டனில் கேரியர் தயாரிப்பாளர்களும் விற்பனையாளர்களும் சேர்ந்து வகுத்த ஐந்து விதிகள் இப்போது உலகெங்கும் சொல்லித்தரப்படுகின்றன. துணி இறுக்கமாக இருக்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் தலை இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். முதுகு சரியாமல் தாங்கப்பட வேண்டும். ‘இறுக்கம்’ என்ற முதல் விதியில்தான் நம் வீடுகளில் தயக்கம் வருகிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்று பயந்து துணியைத் தளர்த்திவிடுகிறார்கள். தளர்ந்த துணியில்தான் குழந்தை கீழே சரிந்து சுருளும். ஆபத்து அந்தச் சரிவில்தான் இருக்கிறது. நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சாக, சரியாமல் ஒட்டியிருக்கும் குழந்தையின் மூச்சுவழி திறந்தே இருக்கும். பால் கொடுப்பதற்காகத் துணியைத் தளர்த்தி இறக்கினால், குடித்து முடித்ததும் மறுபடியும் நிமிர்த்தி ஏற்றி இறுக்கிவிட வேண்டும். மலையில் பனி என்று சேலை முந்தானையாலோ சால்வையாலோ முகத்தை மூடுவது எந்த வயதிலும் கூடாது.

அடுத்தது இடுப்பு மூட்டு. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் பெரும்பகுதி குருத்தெலும்பாலானது. தொடைகள் அகன்று, முழங்கால்கள் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்கும்படி, தவளை உட்காருவது போல இருக்கும்போது தொடை எலும்பின் தலை அந்தக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தி நிற்கிறது. கால்களை நீட்டிச் சேர்த்துக் கட்டிவைக்கும் பழக்கமுள்ள சமூகங்களில் இடுப்பு மூட்டு விலகல் அதிகமாகவும், குழந்தையை அகல உட்காரவைத்துச் சுமக்கும் சமூகங்களில் குறைவாகவும் காணப்படுவதாக மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறது. பன்னாட்டு இடுப்பு மூட்டு வளர்ச்சிக்குறை நிறுவனம், தொடையை முழங்கால் வரை தாங்கும் அகலமான அடித்துணி கொண்ட கேரியர்களையே, குறிப்பாக முதல் ஆறு மாதங்களுக்கு, பரிந்துரைக்கிறது. நம் பாட்டிமார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் முறை இதற்கு மிகவும் நெருக்கமானது. ஆனால் அதே பாட்டிமார், கேரியரில் கால் விரிந்திருக்கும் பேரப்பிள்ளையைப் பார்த்து, “இப்படிக் காலை விரிச்சு வச்சா நாளைக்குக் கோணக்காலா ஆயிராதா தாயி?” என்று கேட்பதும் உண்டு. கைக்குழந்தையின் கால்கள் சற்று வளைந்திருப்பது இயல்பு. நடக்கத் தொடங்கி இரண்டு வயதை ஒட்டி அவை பெரும்பாலும் தாமாகவே நேராகிவிடுகின்றன. கேரியரில் அகல உட்காருவதால் கால் கோணாது. கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான பொருளைக் குறித்துத்தான். சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் தொங்கும், கவட்டில் ஒரு கைப்பிடி அகலமே துணி உள்ள பைகளில் குழந்தையின் முழு எடையும் கவட்டிலேயே விழுகிறது; கால்கள் நேராகக் கீழே தொங்குகின்றன. ஒரு பொருளைப் படத்தில் பார்த்தவுடனே தள்ளிவிட வேண்டுமானால், முழங்கால் தாங்கப்படவில்லை என்ற ஒரு காரணமே போதும்.

எடை வரம்பு என்ற சிறிய அச்செழுத்தைப் பெரும்பாலோர் மேல் வரம்புக்காகவே படிக்கிறார்கள்; நமக்கு முக்கியமானது கீழ் வரம்பு. வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்ட பக்கிள் கேரியர்கள் பலவற்றில் குறைந்தபட்ச எடை 3.2 கிலோ அல்லது 3.5 கிலோ என்று போட்டிருக்கும். இந்தியக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 3 கிலோவுக்கும் சற்றுக் கீழேதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், எடை பதிவான குழந்தைகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினர் 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்தவர்கள். ‘பிறந்த நாள் முதல்’ என்ற விளம்பரச் சொல் நம் குழந்தைகளில் பலருக்கு முதல் மாதத்தில் பொருந்தாது என்பதே இதன் பொருள். குறைப்பிரசவக் குழந்தையாகவோ எடை குறைந்த குழந்தையாகவோ இருந்தால், எந்தக் கேரியராக இருந்தாலும் குழந்தை மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மருத்துவமனைகளில் கற்றுத்தரும் கங்காரு தாய் பராமரிப்பை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் தொடங்கிய மருத்துவ முறை. குழந்தையின் வெற்றுடல் தாயின் வெற்று மார்பில் படும்படி நீண்ட நேரம் வைத்திருப்பதே அதன் சாரம். குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் அதை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அந்தப் பெயரைப் போட்டு விற்கும் பக்கிள் பைகளுக்கும் அந்த முறைக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

மேல் வரம்பைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆறு மாதத்தில் பெண் குழந்தையின் நடு எடை 7.3 கிலோ, ஆண் குழந்தையுடையது 7.9 கிலோ, ஒரு வயதில் 8.9, 9.6, இரண்டு வயதில் 11.5, 12.2. குழந்தை வேகமாக எடை கூடுவது முதல் ஆறு மாதங்களில்தான். 20 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள், அந்த எடையை எட்டும் வயதில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் என்பதை யோசிப்பதில்லை. துணி 20 கிலோவைத் தாங்கலாம். சுமப்பவரின் முதுகு தாங்க வேண்டுமே.

இனி வகைகள். இழுபடும் நீளத்துணி, அதாவது டிஷர்ட் துணி போன்ற பின்னல் துணியில் 5 மீட்டர் அளவுக்கு வருவது, முதல் சில மாதங்களுக்கு மிக இதமானது. இடுப்புப் பட்டை இல்லாததால் சிசேரியன் தையல் மீது அழுத்தமும் விழாது. ஆனால் குழந்தை 7, 8 கிலோவை எட்டும்போது துணி தொய்யத் தொடங்குகிறது. முதுகில் கட்டுவதற்கு அது பாதுகாப்பானதும் இல்லை. மூன்று சுற்றாக உடலைச் சுற்றுவதால் கம்பத்து வைகாசியில் தாயும் குழந்தையும் வெந்துபோவார்கள். மேலே தங்கியிருப்பவர்களுக்கு அது நன்றாகவே உழைக்கும். கீழே இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நெசவு நீளத்துணி இதைவிட நெடுநாள் உழைக்கும். பிறந்த குழந்தையிலிருந்து ஓடியாடும் குழந்தை வரை, முன்னும் பின்னும் இடுப்பிலும் ஒரே துணியால் கட்ட முடிகிற உண்மையான பல்பயன் கேரியர் இதுதான். சாதாரணமாக 4.6 அல்லது 5.2 மீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டரை ஒட்டிய அகலமும் கொண்டிருக்கும். நெசவின் சிறப்பு, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் நீளாமல் மூலைவாட்டில் மட்டும் சற்று இழுபடுவது. குழந்தையின் முதுகு வளைவோடு துணி படிந்தும் தொய்யாமலும் இருப்பதற்கு அதுவே காரணம். வீட்டில் ஐந்தரை மீட்டர் சேலை இருக்கும்போது இதை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி. சேலையின் அகலம் ஒரு மீட்டருக்கும் மேல் இருப்பதால் மடிப்புகள் குவிந்து, எங்கே இறுக்கம் இருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று தெரிவதில்லை. மெல்லிய சேலையின் ஓரம் தோளில் கயிறாக முறுகிவிடும். பாலியெஸ்டர், பட்டு வகைகளில் முடிச்சே வழுக்கும். நன்றாகத் துவைத்துப் பழகிய கனமான பருத்திச் சேலையில் தேர்ந்த கைகள் கட்ட முடியும் என்பது உண்மை. புதிதாகப் பழகுகிறவர்கள் அதிலிருந்து தொடங்கக் கூடாது. நெசவு நீளத்துணியின் குறை வேறு. கட்டக் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் பிடிக்கும். குமுளி பேருந்து நிலையத்தின் சேற்றில் நின்றுகொண்டு ஐந்து மீட்டர் துணியைத் தரையில் படாமல் சுற்ற முடியாது.

ரிங் ஸ்லிங் இந்த எல்லைப் பகுதி வாழ்க்கைக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணி, இரண்டு வளையங்கள், ஒரே ஒரு அடுக்கு. எல்லா உடல்வாகுக்கும் வளையத்தில் இழுத்துச் சரிசெய்யலாம். சேலைக் கொசுவத்தை அது தொடுவதே இல்லை. தொங்கும் துணிமுனை பால் கொடுக்கும்போது மறைப்பாகவும் உதவும். துவைத்துப் போட்டால் மழைநாளிலும் உள்கொடியில் ஒரே இரவில் ஓரளவு காய்ந்துவிடும். பச்சிளம் குழந்தையை நெஞ்சில் நிமிர்த்தியும், தலை நன்றாக நின்றபின் இடுப்பிலும் வைத்துக்கொள்ளலாம். எடை முழுவதும் ஒரே தோளில் இறங்குவதால் 8 கிலோவுக்கு மேல் அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட நடைக்கு இது சிரமம். வளையங்களில் கவனம் தேவை. கேரியருக்கென்றே ஒட்டு இல்லாமல் வார்க்கப்பட்ட அலுமினிய அல்லது நைலான் வளையங்கள்தான் வேண்டும். திரைச்சீலைக்கும் கைப்பைக்கும் விற்கும் ஒட்டுவைத்த வளையங்கள் பாரத்தில் வாய் திறந்துவிடும்.

மே டை வகையும், இடுப்பில் பக்கிளும் தோளில் கட்டும் பட்டிகளும் கொண்ட அதன் கலப்பு வடிவமும் நம் ஊரில் அவ்வளவாகத் தெரியாதவை. ஒரே ஒரு கேரியர்தான் வாங்க முடியும் என்று ஒரு குடும்பம் கேட்டால் நான் காட்டுவது இவற்றைத்தான். காரணம், சுமப்பவர் மாறும்போது எதையும் அளவெடுத்துச் சரிசெய்ய வேண்டியதில்லை. மெலிந்த தாய் கட்டிவிட்டுப் போனதைப் பருத்த உடல்வாகுள்ள அத்தை எடுத்தாலும் கட்டும்போதே அது அவருக்கு அளவாகிவிடும். பட்டிகள் அகலமான துணியாக இருந்தால் தோளில் பரவி எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதே பட்டிகளைக் குழந்தையின் முதுகுக்குக் குறுக்காகவும் தொடைக்கு அடியிலும் கொண்டுவந்து கட்டும்போது கூடுதல் தாங்கலும் கிடைக்கிறது. அடித்துணியின் அகலத்தைச் சுருக்கும் நாடா உள்ள வடிவமாகப் பார்த்து வாங்கினால், நான்கு கிலோவிலிருந்து 12 கிலோ வரை ஒரே துணி போதும். குழந்தை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு, அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பின், முதுகிலும் கட்டலாம்.

பக்கிள் கேரியரைக் குறைசொல்வதாக நினைக்க வேண்டாம். அவசரத்தில் மாட்டுவதற்கு அதைவிட எளிது எதுவுமில்லை. தகப்பன்மார்கள் தயக்கமின்றி எடுப்பதும் அதைத்தான். ஆனால் அதன் பஞ்சு வைத்த இடுப்புப் பட்டை சேலைக் கொசுவத்தின் மேல் நேராக உட்காருகிறது. பட்டையை இறுக்கினால் கொசுவம் மேலே பிதுங்கும், தளர்த்தினால் குழந்தை இறங்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் வாரங்களில் பட்டையைத் தையலுக்கு மேலே ஏற்றிக் கட்ட வேண்டியிருக்கும். பஞ்சு, பாலியெஸ்டர் உள்துணி, இரட்டை அடுக்கு எல்லாம் சேர்ந்து கீழே வெயிலில் வியர்வையைத் தேக்குகின்றன. மேலே ஆனி, ஆடி மழையில் ஒருமுறை நனைந்தால் காய்வதற்கு இரண்டு நாளுக்கு மேலும் ஆகிறது, அதற்குள் பூஞ்சை வாடையும் ஏறிவிடுகிறது. வலைத்துணி வைத்த வகை காற்றோட்டத்தில் மேலானது. அதிலும் பட்டைகளுக்குள் பஞ்சுதான் இருக்கிறது. குழந்தையை வெளிநோக்கி உட்காரவைக்கும் வசதியைச் சிலர் பெரிதாக நினைக்கிறார்கள். கழுத்து உறுதியாக நிற்காத குழந்தைக்கு அது கூடவே கூடாது. நின்ற பிறகும் அதைச் சிறிது நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அப்படி உட்கார்ந்த குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்னால் தொங்கும்.

துணியைப் பொறுத்தவரை இந்தப் பகுதிக்குப் பருத்தியைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் வரை எடையுள்ள நெருக்கமான பருத்தி நெசவு இரண்டு வானிலைக்கும் பொதுவாக இருக்கும். 250 கிராமைத் தாண்டினால் போர்வை போலாகிவிடும், 150க்குக் கீழே போனால் தோளை அறுக்கும். பருத்தியோடு லினன் கலந்தது கூடுதல் குளிர்ச்சியும் உறுதியும் தரும், ஆனால் பழகும்வரை விறைப்பாக இருக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் பருத்தி நெசவு இருக்கும்போது இங்கேயே துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ரிங் ஸ்லிங்குக்கு அது நடக்கக்கூடியது: சேலைக்கென்று நெய்த துணியை விட்டுவிட்டு அதைவிடக் கனமான துணியாக எடுத்து, தரமான வளையங்களை வரவழைத்து, பாரம் விழும் இடத்தில் பாலியெஸ்டர் நூலால் மூன்று வரிசைத் தையல் போடும் தையல்காரர் கிடைக்க வேண்டும். மே டைக்கும் பக்கிள் வகைக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். பட்டி கேரியரின் நடுத்துணியோடு சேருமிடத்தில் தையல் உள்ளே எவ்வளவு ஆழம் போகிறது என்பது வெளியே தெரியாது.

வெயிலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. கேரியரின் ஒவ்வொரு அடுக்கும் குழந்தைக்கு ஓர் உடுப்பு. அதற்கும் மேலாகச் சுமப்பவரின் உடல் வெப்பம். கீழே, பகலில், ஒரு மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் எதுவும் தேவையில்லை. குழந்தையின் கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காமல் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமும் சூடும் இருந்தால் இறக்கிவிட வேண்டும். மலையேறும்போது தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் போதும். உடம்புக்குக் கம்பளிச் சட்டை போட்டு அதன்மேல் கேரியரில் இறுக்கினால், உடுப்பு கழுத்தருகே குவிந்து முகத்தை மறைப்பதோடு, வண்டியின் சூட்டுக்குள் போனதும் குழந்தை வெந்துவிடும்.

வண்டி என்றதும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளிலும், 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டுச் சாலையில் போகும் பேருந்துகளிலும், குழந்தை நெஞ்சோடு கட்டப்பட்டிருப்பதால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். எந்தத் துணிக் கேரியரும் வாகன விபத்துக்காகச் சோதிக்கப்பட்டது இல்லை. திடீர்ப் பிரேக்கில் சுமப்பவரின் உடல் முன்னால் பாயும்போது முன் இருக்கைக் கம்பிக்கும் அவருக்கும் இடையே சிக்குவது குழந்தைதான். காரில் குழந்தைக்கான தனி இருக்கைதான் வழி. இருசக்கர வாகனத்தில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புக் கச்சையும், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மத்திய விதி சொல்கிறது. அந்தக் கச்சை வேறு, இந்தக் கேரியர் வேறு. தோட்டத்துக்குள் கொண்டுபோவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஏலக்காய்ச் செடிகளுக்கு மருந்தடிப்பு அடிக்கடி நடக்கிறது, ஈரச் சரிவில் கால் வழுக்குவதும் சாதாரணம். கேரியர் கையை விடுவித்துக் கொடுக்கிறது என்பதற்காக அந்தக் கையால் எந்த வேலையையும் செய்யலாம் என்று ஆகாது. அடுப்படிக்கும் இதே பேச்சுதான்.

நடைக்குத்தான் கேரியர். சித்ரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் பளியன்குடிப் பாதையில் நடந்து ஏறுகிறவர்களில் கைக்குழந்தையோடு வருபவர்களைப் பார்த்தால் அதன் பயன் எளிதில் விளங்கும். ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மறுகையால் பாறையைப் பிடிப்பவருக்கும், முதுகில் அகலப் பட்டியில் பிள்ளையைக் கட்டி இரு கைகளும் காலியாக ஏறுபவருக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அத்தகைய ஏற்றத்துக்கு இரு தோள்களிலும் எடை இறங்கும் மே டையோ பக்கிளோதான் சரி; ரிங் ஸ்லிங் கடைத்தெருவுக்கும் மருத்துவமனை வரிசைக்கும் உரியது.

குழந்தையைச் சுமந்தால் அழுகை குறையுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு பாதிப் பதிலைத் தருகிறது. கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள் ஆறாவது வாரத்தில் மற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதார்கள். ஆனால் அதே ஆய்வாளர்களில் ஒருவரின் குழு பின்னர், ஏற்கெனவே வயிற்றுவலிக் குழந்தைகள் என்று கருதப்பட்டு மிகுதியாக அழுதவர்களிடம் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. கேரியர் மருந்தாகாது; நாள் முழுக்கச் சுமக்க நினைக்கிற கைகளுக்கு ஓர் உதவி. கைச்சூடு பழகிவிடும் என்ற வீட்டுப் பெரியவர்களின் பேச்சை அதற்காகப் பெரிதுபடுத்த வேண்டியதும் இல்லை. நடக்கப் பழகிய பிள்ளை தானே இறங்கி ஓடும்.

கடையிலோ வீட்டிலோ பொருள் கைக்கு வந்ததும் சோதிக்க வேண்டியவை சில. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டி சேருமிடங்களில் கட்டமும் குறுக்குக் கோடுமாகத் தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கிளைப் பத்து முறை பூட்டித் திறந்து ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற ஒலி கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். தயாரித்தவரின் பெயர், எடை வரம்பு, துவைக்கும் முறை, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அல்லது ஐரோப்பாவின் ஈஎன் தர எண் ஆகியவை தைத்த சீட்டில் இல்லாத பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடலாம். புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர்களின் போலிகள் நிறையவே புழங்குவதால் நம்ப முடியாத தள்ளுபடியையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை கட்டிப் பார்க்கும்போது உள்ளே குழந்தைக்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து வீட்டுக்குள் நடந்து, குனிந்து, படியேறிப் பார்ப்பது நல்லது. குனியும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கும் பழக்கத்தையும் அந்த அரிசிப் பையோடேயே கற்றுக்கொள்ளலாம்.

அக்காள் பிள்ளைக்கு வாங்கியது தங்கை பிள்ளைக்கு என்று கைமாறும் கேரியர்களுக்கு இதே சோதனை மீண்டும் வேண்டும். பருத்தித் துணி பழகப் பழக மென்மையாவதால் பழையதே பல நேரங்களில் நல்லது. ஆனால் எண்ணெய்க் குளியல் முடித்த குழந்தையைப் பலமுறை வைத்ததால் பிசுக்கேறிய பட்டிகளில் முடிச்சு வழுக்கும், சுடுநீரில் சோடா போட்டு ஊறவைத்ததில் நூல் நைந்திருக்கலாம், மாடியில் வெயிலிலேயே கிடந்த பிளாஸ்டிக் பக்கிளில் வெள்ளைக் கீறல்கள் ஓடியிருக்கலாம். கீறல் விழுந்த பக்கிளும் நைந்த தையலும் உள்ள கேரியரை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். ரிங் ஸ்லிங்காக இருந்தால் வளையங்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு புதுத் துணியில் தைத்துக்கொள்ளலாம்.